வெர்சிஸ் 650 அல்லது வி-ஸ்ட்ராம் 650: செந்தூலில் இருந்து நிபோங் திபாலுக்கு எது?

செந்தூல்_சக்கரம்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. ஃபுல் பி லைசென்ஸ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. இத்தனை காலம் 150சிசி கப்சாய்தான், அந்தச் சின்ன மோட்டார்தான், ஓட்டினேன். பெரியது ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. புதிது இல்லை, செகண்ட் ஹேண்ட்.

இரண்டு வண்டிகள் கண்ணில் நிற்கின்றன. ஒன்று 2016ஆம் வருடத்து கவாசாக்கி வெர்சிஸ் 650. இன்னொன்று 2018ஆம் வருடத்து சுசுக்கி வி-ஸ்ட்ராம் 650, சாதாரண அலாய் சக்கரம் உள்ளது. பேரம் பேசினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துவிடும். 501சிசிக்கு மேல் 800சிசி வரை ரோட்டெக்ஸ் (சாலை வரி) 250 ரிங்கிட் என்பதால் அதிலும் வித்தியாசம் இல்லை.

என் ஓட்டம் இதுதான். வாரநாளில் செந்தூலில் இருந்து ஷா ஆலாமுக்கு வேலை, கூட்டரசு நெடுஞ்சாலை மோட்டார் பாதையில். மாதம் ஒருமுறையாவது மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நிபோங் திபாலில் அம்மா வீட்டுக்கு. வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. பழக்குலை ஏற்றும் லோரி ஓடி ஓடிக் குழி விழுந்து கிடக்கும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். அப்புறம் ஒரு நாள் எல்லையைத் தாண்டித் தாய்லாந்தில் பெத்தோங் வரை போய்வர ஆசை. என் உயரம் 168 சென்டிமீட்டர்.

காணொளிகளில் எல்லோரும் "இரண்டுமே நல்ல வண்டி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

கிரிக்_ஜெலி

தம்பி, வெர்சிஸ். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

நீ எழுதியதை நீயே ஒருமுறை படித்துப் பார். ஷா ஆலாம் தார் ரோடு. பிளஸ் நெடுஞ்சாலை தார் ரோடு. பெத்தோங்கும் தார்தான், பெங்காலான் ஹுலுவில் எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம் ரோடு நம்முடையதைவிட நன்றாகவே இருக்கும். அந்த மூன்று கிலோமீட்டரை வைத்துக்கொண்டு அட்வென்ச்சர் வண்டி தேடுகிறாய்.

வெர்சிஸில் முன்னும் பின்னும் 17 அங்குலச் சக்கரம், 120/70, 160/60 டயர். இது எல்லா ஸ்போர்ட்ஸ் வண்டியின் அளவு. எந்த ஊர்க் கடையிலும் தொங்கும். வி-ஸ்ட்ராமுக்கு முன்னால் 110/80 19 அங்குலம். கிடைக்காமல் போகாது, ஆனால் நாலு கடை ஏற வேண்டும், நீ கேட்கிற பிராண்டு அன்றைக்கு இருக்காது.

ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பக்கம் இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். வளைவு, இறக்கம், இடது பக்கம் லோரி வரிசை. அங்கே நீ நினைத்த இடத்தில் வண்டி உடனே திரும்ப வேண்டும். வெர்சிஸ் திரும்பும். முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கால்கள்) தலைகீழ் வகை, ஒரு காலில் ப்ரீலோட் (ஸ்பிரிங்கின் இறுக்கம்), மறு காலில் ரீபௌண்ட் (அமுங்கியது மீளும் வேகம்), இரண்டையும் திருகிச் சரிசெய்யலாம். வி-ஸ்ட்ராமில் பழைய மாதிரி ஃபோர்க், ப்ரீலோட் மட்டும்தான். காற்றுத் தடுப்புக் கண்ணாடியையும் 2015க்குப் பிறகு வந்த வெர்சிஸில் இரண்டு குமிழைத் தளர்த்திக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். வி-ஸ்ட்ராமில் ஸ்பேனர் எடுக்க வேண்டும்.

வி_வடிவம்

கிரிக் அண்ணே, எந்த இழையைத் திறந்தாலும் முதல் ஆளாக வந்து வெர்சிஸ் விற்கிறீர்கள். கமிஷன் ஏதும் உண்டா?

நான் பட்டர்வொர்த். வி-ஸ்ட்ராம் ஓட்டுகிறேன். நிபோங் திபால் தோட்டப் பாதை எனக்கும் பழக்கம்தான். தம்பிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: கிலோமீட்டரைக் கணக்குப் போடாதே, விழுகிற இடத்தைக் கணக்குப் போடு. முந்நூறு கிலோமீட்டர் பிளஸ்ஸில் எந்த வண்டியும் நேராகத்தான் போகும். வண்டி கீழே கிடக்கப் போவது அந்தக் கடைசி மூன்றில்தான்.

மழை விட்ட அரைமணி நேரத்தில் அந்தப் பாதையைப் பார்த்திருப்பாய். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே சேறு. லோரிச் சக்கரம் போன இரண்டு தடம், நடுவில் மேடு. நீ ஒரு தடத்தில் போய்க்கொண்டிருப்பாய், எதிரே டிராக்டர் வரும், மேட்டைத் தாண்டி ஒதுங்க வேண்டும். 17 அங்குலச் சக்கரம் அந்த மேட்டில் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். 19 அங்குலம் அதையே ஏறிக் கடக்கும். வட்டம் பெரிதானால் மேட்டைத் தொடும் கோணம் சாய்வாகிறது, அவ்வளவுதான் கணக்கு. டயர் அகலம் 110 என்பதால் சேற்றின் மேல் மிதக்காமல் கொஞ்சம் கிழித்துக்கொண்டும் போகும்.

இரண்டாவது, இன்ஜின். வி-ஸ்ட்ராமில் இருப்பது 645சிசி, 90 டிகிரி வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும். 1999இல் எஸ்வி650இல் வந்த குடும்பம். முதல் கியரில் கிளட்சை விட்டால் ஐடிலிலேயே தவழ்ந்து போகும். 2017க்குப் பிறகு வந்த வண்டியில் கிளட்ச் விடும்போது ஆர்பிஎம்மைத் தானாகக் கொஞ்சம் ஏற்றிக்கொடுக்கும் வசதியும் உண்டு. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு சேற்றில் போகும்போது இதன் அருமை தெரியும். ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்வது) 2018 வண்டியில் இருக்கிறது. 2016 வெர்சிஸில் கிடையாது, அது 2022 மாடலில்தான் வந்தது.

கப்சாய்_போதும்

150சிசி கப்சாயில் அந்தச் செம்மண் பாதையை உன் அம்மா வீட்டுப் பக்கத்துத் தாத்தா தினமும் இரண்டு மூட்டை உரத்தோடு கடக்கிறார். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

கிரிக்_ஜெலி

வி_வடிவம் தம்பி, கமிஷன் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், யாரும் கொடுக்கவில்லை.

தரையில் இருந்து வயிறு எவ்வளவு உயரம்? இரண்டும் 170 மில்லிமீட்டர். முன் சஸ்பென்ஷன் ஓட்டம்? இரண்டும் 150 மில்லிமீட்டர். ஏபிஎஸ்ஸை அணைக்க முடியுமா? இரண்டிலும் முடியாது. ஆக, உன் வண்டியும் மண்ரோட்டு வண்டி இல்லை. பறவை மூக்கு மாதிரி அலகும் நெற்றிக் கண்ணாடியும் வைத்த டூரிங் வண்டி. என் வண்டியும் அதேதான், நான் ஒத்துக்கொள்கிறேன், நீ ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாய்.

இன்னொன்று. கூட்டரசு நெடுஞ்சாலை மோட்டார் பாதையை மறந்துவிட்டீர்கள். தினமும் போகிறவருக்கு அதுதான் முக்கியம். பாலத்துக்கு அடியில் குறுகும், வளைவில் மணல் கிடக்கும், பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். பிளஸ்ஸில் டோல் சாவடியை ஒட்டி மோட்டாருக்கு விட்டிருக்கும் இடது பக்கச் சந்தும் அப்படித்தான். பக்கப்பெட்டி மாட்டிய வி-ஸ்ட்ராமைப் பின்னால் இருந்து பார். புகைக்குழாய் வலப்பக்கம் உயரமாக வருவதால் வலது பெட்டி தள்ளிக்கொண்டு நிற்கும். வெர்சிஸில் சைலன்சர் இன்ஜினுக்கு அடியிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு பெட்டியும் உடம்போடு ஒட்டி உட்காரும். தினசரி வாழ்க்கைக்கு இது பெரிய விஷயம்.

வி_வடிவம்

சைலன்சர் அடியில் இருப்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. அந்தத் தோட்டப் பாதையில் முதல் கல் எங்கே அடிக்கும் என்று தம்பி யோசித்துக்கொள்ளட்டும். கோலாலம்பூரில் மாலை மழைக்குத் தண்ணீர் தேங்கும்போதும் முதலில் மூழ்குவது அதுதான்.

கிள்ளான்_ஸ்பேனர்

நடுவில் புகுந்து பேசுகிறேன், மன்னிக்கவும். கிள்ளானில் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டும் என்னிடம் வருகின்றன. இரண்டையும் திறந்து மூடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு எந்தக் கட்சியும் இல்லை.

அடிப்பகுதி விஷயத்தில் இரண்டு பேரும் பாதிதான் சொன்னீர்கள். வெர்சிஸில் சைலன்சர் அடிபடும், சரி. வி-ஸ்ட்ராமில் இன்ஜினுக்கு முன்னால் என்ன இருக்கிறது? ஆயில் ஃபில்டர், அதை ஒட்டி முன் சிலிண்டரின் புகைக்குழாய். முன் சக்கரம் எறிகிற கல் நேராக அங்கேதான் போகும். சைலன்சர் நசுங்கினால் அசிங்கமாக இருக்கும், வீட்டுக்கு வந்துவிடலாம். ஃபில்டரில் ஓட்டை விழுந்தால் ஆயில் வெளியே போகும், அங்கேயே நிற்க வேண்டியதுதான். வி-ஸ்ட்ராம் வாங்கினால் அலுமினிய ஸ்கிட் பிளேட் (இன்ஜினின் அடியைக் காக்கும் தகடு) முதல் செலவு. அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள்.

வேலைக் கூலியைப் பார்த்தால் வெர்சிஸ் மலிவு. பாரலல் ட்வின், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே தலை. வால்வ் இடைவெளி பார்க்க டேங்கைத் தூக்கினால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். வி-ட்வினில் தலை இரண்டு. பின் சிலிண்டருக்கு டேங்கு, ஏர்பாக்ஸ் எல்லாம் கழற்ற வேண்டும், முன் சிலிண்டருக்கு ரேடியேட்டரை நகர்த்த வேண்டும். இரண்டு வண்டிக்கும் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதுதான் கணக்கு, ஆனால் வி-ஸ்ட்ராமுக்கு அரைநாள் கூடப் போகும். ஸ்பார்க் பிளக்கும் அப்படியே. வெர்சிஸில் சிலிண்டருக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. 2018 வி-ஸ்ட்ராமில் சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் நாலு.

மழைக்கால வியாதி ஒன்று. இந்த வி-ட்வின் குடும்பத்தில் முன் சிலிண்டர் பிளக் உட்காரும் குழியில் தண்ணீர் சேருவது பழைய கதை. குழிக்கு வடிகால் துளை இருக்கிறது, மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும். அப்புறம் மழையில் வண்டி ஒரு சிலிண்டரில் தடதடவென்று ஓடும். பெரிய கோளாறு இல்லை. துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, முன் மட்கார்டுக்குக் கீழே நீட்டிப்பு ஒன்று மாட்டினால் முடிந்தது.

வெர்சிஸ் பக்கம் பார்த்தால் அதிர்வு. 180 டிகிரி கிராங்க், ஒரு பிஸ்டன் மேலே போகும்போது மற்றது கீழே. பேலன்சர் இருந்தாலும் ஒரு நடுக்கம் கைப்பிடிக்கு வந்தே தீரும். 2015இல் இன்ஜின் முன் மவுண்டில் ரப்பர் போட்டார்கள், குறைந்தது, போகவில்லை. 90 டிகிரி வி-ட்வினில் அந்தப் பிரச்சினை அமைப்பிலேயே இல்லை. 110இல் இரண்டும் ஆறாவது கியரில் 5,000 ஆர்பிஎம்மை ஒட்டித்தான் சுற்றும். கோலாலம்பூரில் இருந்து பினாங்கு வரை ஓட்டி இறங்கினால் எந்த வண்டி என்று விரல் சொல்லும்.

செந்தூல்_சக்கரம்

ஸ்பேனர் அண்ணே, மிக்க நன்றி. இதைத்தான் தேடினேன். செகண்ட் ஹேண்ட் வண்டியில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்ல முடியுமா? சனிக்கிழமை இரண்டையும் பார்க்கப் போகிறேன்.

மலாக்கா_நீரிணை

குறுக்கே வருகிறேன். ஏன் இந்தக் கிழட்டு வண்டிகள்? டெனெரே 700 பாருங்கள். 689சிசி, 270 டிகிரி கிராங்க், முன் சக்கரம் 21 அங்குலம், எடையும் 205 கிலோதான். செம்மண் பாதை எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பின்சீட்டு_ராணி

அதன் சீட் உயரம் 875 மில்லிமீட்டர். கேட்கிறவர் 168 சென்டிமீட்டர், பின்னால் மனைவி, மேலே ஒரு பெட்டி. சிக்னலில் நிற்கும்போது யார் காலை ஊன்றுவது? சக்கரத்தில் டியூப் வேறு. தஞ்சோங் மாலிம் பக்கத்தில் ராத்திரி பஞ்சர் ஆனால் ஆணியைப் பிடுங்கிப் பசைக்குச்சி செருகிவிட்டுப் போகமுடியாது, சக்கரத்தையே கழற்ற வேண்டும். அவர் கேட்ட இரண்டும் டியூப்லெஸ்.

நான் ஓட்டுவதில்லை, பின்னால் உட்காருகிறவள். என் வீட்டுக்காரரிடம் வெர்சிஸ் இருந்தது, இப்போது வி-ஸ்ட்ராம் இருக்கிறது. பின்சீட்டைப் பற்றி இங்கே ஆண்கள் யாரும் ஒரு வரி எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

வெர்சிஸில் எனக்குப் பிரச்சினை கால்தளத்தில்தான். என் காலணிக்குள் அந்த அதிர்வு வரும். தாப்பா ஓய்விடத்தில் இறங்கி நடக்கும்போது பாதம் மரத்த மாதிரி இருக்கும். வி-ஸ்ட்ராமில் அது இல்லை. ஆனால் வி-ஸ்ட்ராமில் காற்று. கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று ஓட்டுகிறவர் தலைக்கு மேலே சுழன்று என் ஹெல்மெட்டில் வந்து டமடமவென்று அடிக்கும். ஒரு மணி நேரத்தில் தலைவலி. அவருக்கு ஒன்றும் தெரியாது, ஜாலியாகப் பாடிக்கொண்டு வருவார். கடைசியில் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு சின்னத் தடுப்பைக் கவ்வி மாட்டினோம், பாதியாகக் குறைந்தது. டாப் பாக்ஸில் முதுகுத் திண்டு ஒட்டியதும் மீதியும் தாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. வி-ஸ்ட்ராமோடு பின் கேரியர் கம்பெனியிலேயே வருவதால் பெட்டி மாட்டத் தனியாக அலைய வேண்டியதில்லை.

சீட் உயரத்தில் ஏமாற வேண்டாம். வெர்சிஸ் 840, வி-ஸ்ட்ராம் 835, தாளில் ஐந்து மில்லிமீட்டர்தான். ஆனால் வி-ட்வின் ஒல்லியான இன்ஜின், தொடை சேரும் இடம் குறுகலாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் உங்களைவிடக் குட்டை. வெர்சிஸில் விரல் நுனி ஊன்றியவர் வி-ஸ்ட்ராமில் பாதிப் பாதம் ஊன்றுகிறார்.

செந்தூல் தம்பி, பார்க்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கிரிக்_ஜெலி

ராணி அக்கா சொன்னதில் காற்று விஷயம் உண்மை. அதற்குத்தான் முதலிலேயே சொன்னேன், வெர்சிஸ் கண்ணாடியைக் கையால் ஏற்றிக்கொள்ளலாம் என்று.

கிள்ளான்_ஸ்பேனர்

தம்பி கேட்டதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

போவதற்கு முன்னால் விற்கிறவருக்குச் சொல்லிவிடு, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று. போனதும் முதலில் கிராங்க் கேஸ் மூடியில் கையை வை. சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கச் சூடேற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஆறிய இன்ஜினில் கேட்கும் சத்தம்தான் உண்மை.

அடுத்து கிரான், அதாவது வண்டியின் பதிவுச் சான்று. சேசிஸ் எண் ஹெட்ஸ்டாக்கில், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில், பொறித்திருக்கும். இன்ஜின் எண் இன்ஜின் உடம்பில் இருக்கும். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து கிரானோடு ஒப்பிடு. எண்ணைச் சுற்றி உரசிய தடம், புதிதாகப் பெயின்ட் அடித்த பளபளப்பு இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு. நம் ஊரில் பெரிய வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும். நம்பர் பிளேட்டு மட்டும் நல்ல வண்டியுடையதாக இருக்கும், மற்றது எல்லையைத் தாண்டி வந்ததாக இருக்கும்.

அதே கழுத்தில் இன்னொன்றையும் பார். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபோர்க் வந்து முட்டி நிற்க ஒரு சின்ன இரும்புக் கட்டை இருக்கும். வண்டி வேகமாக விழுந்திருந்தால் அந்தக் கட்டை நசுங்கியிருக்கும், அல்லது பெயின்ட் வெடித்திருக்கும். ஃபேரிங்கை மாற்றலாம், கிராஷ் பாரை மாற்றலாம், லிவரை மாற்றலாம். அந்தக் கட்டையை யாரும் மாற்ற மாட்டார்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஃபோர்க் கால்களில் விரலால் தடவிப்பார், எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. வெர்சிஸில் தலைகீழ் ஃபோர்க் என்பதால் சீல் கீழே, சேறு படும் இடத்தில் இருக்கிறது. வெர்சிஸின் பின் ஷாக் வலப்பக்கம் சாய்ந்து வெளியே தெரியும், அதிலும் கசிவு பார். வி-ஸ்ட்ராமில் ஆயில் ஃபில்டர் முகத்தில் கல்தடம் எவ்வளவு என்று குனிந்து பார். இரண்டிலும் ப்ரீலோட் குமிழைத் திருகிப்பார், சுற்ற வேண்டும். பின்னால் ஆள் ஏற்றுகிறவனுக்கு அது இறுகிக் கிடந்தால் வீண் செலவு.

டயர் பட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே. பக்கவாட்டில் நாலு எண் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. நம் வெயிலில் ஐந்தாறு வருடம் ஆன ரப்பர், பட்டை நிறைய இருந்தாலும் மழையில் சோப்புதான்.

பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்து 5,000 ஆர்பிஎம்மில் பார். 13.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. குறைந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ரெகுலேட்டரோ ஸ்டேட்டரோ போயிருக்கும். முன்னால் நாலைந்து ஸ்பாட்லைட்டு, அதற்கு டேப் சுற்றிய வயர் என்று இருந்தால் சீட்டைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டே மேலே பேசு.

மீட்டரில் 24,000ஐத் தாண்டியிருந்தால் வால்வ் பார்த்த ரசீதைக் கேள். "எல்லாம் பார்த்தாச்சு" என்பது ரசீது ஆகாது.

நெறியாளர்

நடுவில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விற்பனைக்குத் தனி இழை இருக்கிறது, பெட்டியும் ஹெல்மெட்டும் அங்கே போய் விற்கவும். விவாதம் நன்றாகப் போகிறது, தொடரட்டும்.

கப்சாய்_போதும்

இந்த முறை கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். உன் கப்சாயை என்ன செய்யப் போகிறாய்?

விற்கப் போகிறாய் என்றால் யோசி. 216 கிலோ வண்டியைக் காலையில் செந்தூல் நெரிசலில் தள்ளி, ஷா ஆலாமில் நிழல் இல்லாத பார்க்கிங்கில் நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, மாலை மழையில் திரும்பக் கொண்டுவரப் போகிறாய். செயினும் டயரும் யாருக்காகத் தேய்கின்றன? உன் முதலாளிக்காக. கப்சாய் டயரின் விலையையும் 160/60 டயரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்பார்.

கப்சாயை வைத்துக்கொள். வேலைக்கு அது. பெரிய வண்டி சனி ஞாயிறுக்கும் ஊருக்கும். அப்படிச் செய்தால் கிரிக் அண்ணன் சொன்ன மோட்டார் பாதை, பெட்டி அகலம் எல்லாம் பாதிக்கு மேல் கணக்கில் இருந்து கழன்றுவிடும். மீதி இருப்பது நெடுஞ்சாலை, மனைவி, தோட்டப் பாதை. அதை வைத்து முடிவு செய்.

வி_வடிவம்

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான். கப்சாய்க்காரர் வாயில் இருந்து வந்ததுதான் வயிற்றெரிச்சல்.

கிரிக்_ஜெலி

அது நியாயமான பேச்சு. ஆனாலும் நெடுஞ்சாலையும் மெனோராவும் அப்படியேதான் இருக்கின்றன, அவை எங்கேயும் போகவில்லை. வெர்சிஸ் டேங்கும் 21 லிட்டர், வி-ஸ்ட்ராம் 20. கிரிக்கில் இருந்து ஜெலி வரைக்கும் யானையைத்தான் பார்க்கலாம், பெட்ரோல் நிலையத்தைத் தேட வேண்டும். ஒரு லிட்டர் கூட இருந்தால் மனசுக்குத் தைரியம்.

வி_வடிவம்

ஒரு லிட்டரில் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஓட்டுகிற கையைப் பொறுத்து அது கூடும், குறையும். கோலாலம்பூரில் இருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர், இரண்டுமே ஒரே டேங்கில் வந்து சேரும். வேறு ஏதாவது வைத்திருக்கிறீர்களா அண்ணே?

கிரிக்_ஜெலி

நிறம். பச்சை.

செந்தூல்_சக்கரம்

சனிக்கிழமை போய்வந்தோம். வரிசையாகச் சொல்கிறேன்.

வெர்சிஸ் காஜாங்கில். ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போனபோது இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, "இப்பத்தான் கடைக்குப் போய்வந்தேன்" என்றார். சரி என்று ஹேண்டிலைத் திருப்பி ஸ்பேனர் அண்ணன் சொன்ன கட்டையைப் பார்த்தேன். இடது பக்கம் நன்றாக இருந்தது. வலது பக்கம் விளிம்பு நசுங்கி, கறுப்புப் பெயின்ட் தூரிகையால் தடவியிருந்தது. கேட்டேன். "பார்க்கிங்கில் சாய்ந்தது" என்றார். கொஞ்ச தூரம் ஓட்டிப்பார்த்தேன். கிரிக் அண்ணே, உண்மையைச் சொல்கிறேன், வளைவில் எனக்கு அந்த வண்டிதான் பிடித்தது. கப்சாய் ஓட்டிய கைக்கு அது உடனே பழகிவிட்டது. பிரேக் போட்டால் மூக்கு அவ்வளவாகக் குத்தவில்லை. ஆனால் அந்தக் கட்டை மனதில் உட்கார்ந்துவிட்டது.

வி-ஸ்ட்ராம் ரவாங்கில். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தார். இன்ஜின் ஆறிக் கிடந்தது. சர்வீஸ் புத்தகம், வால்வ் பார்த்த ரசீது, பழைய சாவி, வண்டியோடு வந்த டூல் பை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்துக் கொடுத்தார். ஸ்டார்ட் செய்ததும் பின் சிலிண்டர் பக்கம் மெல்லிய டிக் டிக் சத்தம், சூடானதும் போய்விட்டது. டயர் பழையது, 2018 கடைசியில் செய்தது, வண்டியோடு வந்ததாகவே இருக்கலாம். அதை விலையில் கழித்துக்கொண்டேன். முன் பகுதி மெதுவாகத் திரும்புகிறது, மறுக்கவில்லை.

மனைவி இரண்டிலும் பின்னால் உட்கார்ந்தார். வெர்சிஸில் ஐந்து நிமிடம், ஒன்றும் சொல்லவில்லை. வி-ஸ்ட்ராமில் ரவாங்கில் இருந்து செரண்டா வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் "இதில் தூங்கலாம்" என்றார். தூங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வி-ஸ்ட்ராமுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கப்சாயை விற்கவில்லை.

பின்சீட்டு_ராணி

வாழ்த்துகள் தம்பி. முதுகுத் திண்டை இன்றைக்கே வாங்குங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கிள்ளான்_ஸ்பேனர்

நல்லது. ஆறிய இன்ஜினில் அந்த டிக் டிக் சில நேரம் கேம் செயின் டென்ஷனராக (இன்ஜினுக்குள் ஓடும் செயினை இறுக்கிப் பிடிப்பது) இருக்கும், சூடானதும் போகிறது என்றால் பயப்பட வேண்டியதில்லை. முதல் மாதம் கவனித்துக்கொண்டே இரு. சூட்டிலும் நிற்காமல் வந்தால் கொண்டுவா.

ஊருக்குப் போவதற்கு முன்னால் டயர், ஸ்கிட் பிளேட், மட்கார்டு நீட்டிப்பு, இந்த வரிசையில் செய். பணம் பத்தவில்லை என்றால் டயரை மட்டுமாவது மாற்று. தார் ரோட்டுக்கும் கொஞ்சம் மண்ணுக்கும் ஆகிற டயர் 19 அங்குலத்தில் கிடைக்கிறது, முன்கூட்டியே சொன்னால் வரவழைக்கலாம். முழுக்கக் குமிழ் வைத்த மண் டயர் வேண்டாம். மழையில் பிளஸ்ஸில் அது உன்னைப் பயமுறுத்திவிடும்.

வி_வடிவம்

ஸ்கிட் பிளேட் இல்லாமல் தோட்டத்துக்குள் போகாதே. நிபோங் திபால் வருகிற வாரம் சொல்லு, ஜாவி டோலில் காத்திருக்கிறேன். எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று முன்னால் போய்க் காட்டுகிறேன். குலை ஏற்றுகிற நாளாக இல்லாமல் பார்த்து வா.

கிரிக்_ஜெலி

நானும் வருகிறேன். வெர்சிஸில்தான். அந்தப் பாதையை நானும் பார்க்க வேண்டும்.

கப்சாய்_போதும்

நான் முன்னால் போகிறேன், நீங்கள் மூன்று பேரும் என் பின்னால் வாருங்கள். அம்மாவிடம் நாலு பேருக்குச் சமைக்கச் சொல்லிவிடு.

செந்தூல்_சக்கரம்

ஐந்து பேர். மனைவியும் வருகிறார். சேறாக இருந்தால் பாதி வழியில் இறங்கிக் கப்சாய் அண்ணன் வண்டியில் ஏறிக்கொள்வதாக இப்போதே சொல்லிவிட்டார்.